ஆரணி வெயிலில் ஓர் ஊட்டித் தொட்டி

ஆக்சலாட்டல் என்கிற நீர்ப்பிராணியை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது தொட்டி இல்லை, ஒரு தெர்மாமீட்டர். மீன் கடையில் கிடைக்கிற சாதாரணக் கண்ணாடித் தெர்மாமீட்டர் போதும். தொட்டி வைக்கப்போகிற இடத்தில் ஒரு பக்கெட் தண்ணீரை வைத்து, அதில் தெர்மாமீட்டரைப் போட்டுவிட்டு, காலை, மத்தியானம், ராத்திரி என்று ஒரு வாரம் எட்டிப் பாருங்கள். கத்திரி வெயிலில் எங்கள் ஆரணியில், ஓட்டு வீடோ மாடி வீடோ, அந்தத் தண்ணீர் 30 டிகிரிக்குக் கீழே இறங்காது. மத்தியானத்தில் 33, 34 காட்டும். ஆக்சலாட்டலுக்கு வேண்டியது 16 முதல் 18 டிகிரி. 20 வரை பொறுத்துக்கொள்ளும். 24-ஐத் தொட்டு அங்கேயே நின்றால் சாப்பாட்டை நிறுத்தும், செவுளில் பஞ்சு மாதிரி பூஞ்சை பிடிக்கும், அப்புறம் செத்துப்போகும்.

இந்தப் பதிவு முழுக்க இந்தப் பதினைந்து டிகிரி வித்தியாசத்தைப் பற்றியதுதான். தொட்டி, ஃபில்டர், மண், செடி இதெல்லாம் சுலபம். தங்கமீன் ஒழுங்காக வளர்த்த யாருக்கும் கைவரும். குளிர்தான் கஷ்டம்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், என்னிடம் மீனைப் பற்றிக் கேட்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். எல்லாம் மைன்கிராஃப்ட் செய்த வேலை. 2021-இல் அந்த விளையாட்டில் ஆக்சலாட்டலைச் சேர்த்தார்கள். பக்கெட்டில் பிடித்துக்கொண்டு போகலாம், குளத்தில் விடலாம், அது உங்களுக்காகச் சண்டை போடும். அதே வருடம் மெக்சிகோவின் மத்திய வங்கி தன் 50 பீசோ நோட்டிலும் அதன் படத்தைப் போட்டது. எங்கள் அக்கா பையனுக்கு நோட்டு விஷயம் தெரியாது, விளையாட்டு தெரியும். "மாமா, பிங்க் கலர்ல ஒண்ணு வாங்கித் தரியா? கால் போனாக்கூட திரும்ப முளைக்குமாம்" என்றான். முளைக்கும்தான். கால், வால், இதயத்தில் ஒரு பகுதி, தண்டுவடத்தில் வெட்டுப்பட்ட இடம் வரைக்கும் திரும்ப வளர்த்துக்கொள்ளும். உலகத்து ஆய்வகங்கள் இதை விடாமல் வைத்திருப்பதே அதற்காகத்தான். ஆனால் வெந்துபோன உடம்பை அது திரும்ப வளர்த்துக்கொள்ளாது என்று அவனிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

பெங்களூரில் ஒரு நண்பர் வீட்டில் இதை நெருக்கத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதல். தலைக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்றாகச் செவுள் கிளைகள், ஒவ்வொன்றிலும் சிவப்புப் பூஞ்சிறகு. முன்காலில் நாலு விரல், பின்காலில் ஐந்து. இமை கிடையாது, அதனால் தூங்குகிறதா முழித்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. நண்பர் இடுக்கியில் ஒரு மண்புழுவைப் பிடித்து மூக்குக்கு முன்னால் ஆட்டினார். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. திடீரென்று வாய் திறந்தது தெரிவதற்குள் புழு பாதி உள்ளே. கடிக்கவில்லை, உறிஞ்சியது. புழுவைச் சுற்றி இருந்த தண்ணீரும் சேர்ந்து உள்ளே போனது. இந்த உறிஞ்சலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தொட்டியின் அடித்தளத்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இது மீன் இல்லை, தவளை வகையறா. வாலுள்ள நீர்நில வாழ்வன குடும்பம். நம் ஊர்த் தலைப்பிரட்டை செவுளை உதிர்த்துக் கால் முளைத்துக் கரையேறிவிடும். இது செவுளோடேயே பெரிதாகி, செவுளோடேயே முட்டை போடுகிற வயசுக்கு வந்து, சாகும்வரை தண்ணீரிலேயே கிடக்கும். தைராய்டு சுரப்பு குறைவாக இருப்பதுதான் காரணம் என்கிறார்கள். தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய சொந்தக்காரர் யாரும் இல்லை. இந்தியாவிலேயே டார்ஜிலிங் பக்கத்து மலைக்குளங்களில் இருக்கும் இமாலய நியூட் வகைதான் இதற்குத் தூரத்து உறவு. அதுவும் குளிர்ப் பிரதேசத்து ஆசாமி.

ஆக்சலாட்டலின் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்து ஓரம், சோச்சிமில்கோ கால்வாய்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். நம் ஊட்டியின் உயரத்தைத் தேடிப் பாருங்கள். அதுவும் ஏறக்குறைய அதே 2,240 மீட்டர். ஆக, ஆரணியில் ஆக்சலாட்டல் வளர்ப்பது என்றால் வீட்டுக் கூடத்தில் மூன்றடிக்கு ஒன்றரை அடியில் ஓர் ஊட்டியைக் கட்டி, அதை வருடம் முழுக்க உருகாமல் பார்த்துக்கொள்வது என்று அர்த்தம். ஏலகிரியோ ஜவ்வாது மலையோ கூடப் போதாது. கோடைப் பகலில் அங்கேயும் 30-ஐத் தொடும்.

சோச்சிமில்கோவிலேயே இதன் நிலைமை மோசம். 1998-இல் அந்தக் கால்வாய்களில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 6,000 ஆக்சலாட்டல் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். 2014-இல் எண்ணியபோது 36. நகரத்துச் சாக்கடை ஒரு காரணம். இன்னொரு காரணம், சாப்பாட்டுக்கு ஆகும் என்று கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலாப்பியாவும். திலாப்பியா வேறு யாரும் இல்லை, நம் ஏரிகளில் 1952-க்குப் பிறகு வந்து குடியேறிவிட்ட ஜிலேபிக் கெண்டைதான். முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். தொட்டிகளில் நாம் பார்ப்பவை சோச்சிமில்கோவிலிருந்து நேராக வந்தவை அல்ல. 1864-இல் மெக்சிகோவிலிருந்து 34 உருப்படிகளைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கு ஆய்வகங்களிலும் வீடுகளிலும் இருப்பவற்றில் பெரும்பகுதி அந்த வம்சத்தின் வழியில் வந்தது. ஒன்றரை நூற்றாண்டாகத் தொட்டியில் பிறந்தும் வெயிலைத் தாங்கப் பழகவில்லை என்பதைக் கவனியுங்கள். "நம்ம ஊர்ல பொறந்த குட்டி சார், பழகிடுச்சு" என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, குளிர்ச்சிக்கு வருவோம். நான் இந்தப் பேச்சை எடுத்தால் ஊரில் எல்லோரும் ஒரு யோசனை சொல்வார்கள்.

முதல் யோசனை, தறிக்குழி. எதிர் வீட்டு அண்ணன் நெசவு செய்கிறவர். "குழிக்குள்ள வச்சுடு பா, எப்பவும் ஜில்லுனுதான் இருக்கும்" என்றார். குழித்தறியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கால் தொங்குகிற இடம் மே மாதத்திலும் இதமாக இருக்கும். அந்த ஈரப்பதத்தில்தான் பட்டுப்பாவு அறுந்துபோகாமல் இருக்கிறது என்று நெசவாளிகள் சொல்வார்கள். ஆனால் 38 டிகிரி வெயிலிலிருந்து உள்ளே வந்தவருக்கு 29 டிகிரி ஜில்லென்றுதான் இருக்கும். மண்ணுக்குள் போகப்போக வெப்பம் அந்த ஊரின் வருடச் சராசரியை ஒட்டி நின்றுவிடும். நம் பக்கத்துக்கு அது 27, 28. போர்த் தண்ணீரும் அதே கதைதான், அதனால்தான் மார்கழியில் வெதுவெதுப்பாகவும் சித்திரையில் குளுமையாகவும் தெரிகிறது. ஆரணியில் இயற்கையாக 18 டிகிரியில் கிடைக்கிற பொருள் மார்கழி, தை விடியற்காலைக் காற்று ஒன்றுதான். அதுவும் வெயில் ஏறினால் போய்விடும்.

இரண்டாவது யோசனை, ஃபேன். தொட்டியின் மேல் ஒரு சின்ன ஃபேனை வைத்துத் தண்ணீர்ப் பரப்பில் காற்றை அடிக்க விட்டால் ஆவியாகிற தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மண்பானை வேலை செய்கிற விதம்தான். பெங்களூரில் இதை வைத்தே வருடத்தில் பாதியை ஓட்டிவிடுகிறார்கள். இங்கே ஓடாது. காற்றில் ஏற்கெனவே இருக்கும் ஈரம் ஒரு எல்லை போட்டுவிடும். நம் ஊர்க் கோடையில் அந்த எல்லை 25, 26 டிகிரி. எத்தனை ஃபேன் வைத்தாலும் அதற்குக் கீழே இறங்காது. குடிக்கிற தண்ணீருக்கு 26 சுகம், ஆக்சலாட்டலுக்கு ஆபத்து.

மூன்றாவது, ஐஸ் பாட்டில். தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறையவைத்துத் தொட்டியில் மிதக்கவிடுவது. இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எட்டாம் வகுப்பு இயற்பியல் போதும். ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோ கலோரி எடுத்துக்கொள்ளும். உருகிய தண்ணீர் 18 டிகிரிக்கு ஏற இன்னொரு 18. ஆக ஒரு லிட்டர் பாட்டில் சுமார் 100 கிலோ கலோரி சூட்டை வாங்கும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் முக்கால் அளவு நிரப்பினால் 140 லிட்டர் தண்ணீர். அதை ஒரு டிகிரி இறக்க 140 கிலோ கலோரி, அதாவது ஏறக்குறைய ஒன்றரை பாட்டில். 32-லிருந்து 18-க்கு இறக்க இருபது பாட்டில். இறக்கியதும் வேலை முடிந்ததா என்றால் இல்லை. அறை 34-இல் இருக்கிறது, கண்ணாடி வழியாகச் சூடு உள்ளே வந்துகொண்டே இருக்கும். என் கணக்கில், சும்மா விட்ட கண்ணாடித் தொட்டிக்கு மணிக்கு ஒரு டிகிரி வரை ஏறும். அதைப் பிடித்து நிறுத்த நாளொன்றுக்கு முப்பது பாட்டிலுக்கு மேல் வேண்டும். உங்கள் வீட்டு ஃப்ரீசரில் எத்தனை பாட்டில் போகும் என்று திறந்து பாருங்கள். தவிர, ஐஸ் போட்டால் மளமளவென்று இறங்கி, உருகியதும் மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கமே அந்தப் பிராணியை வாட்டும். ஐஸ் பாட்டில் கரண்ட் போன நாளுக்கான ஏற்பாடு, தினசரிப் பிழைப்புக்கு ஆகாது.

மிச்சம் இருப்பது சில்லர். தண்ணீரை உள்ளே இழுத்துக் குளிராக்கித் திருப்பி அனுப்பும் சின்ன கம்ப்ரஸர் பெட்டி. இந்த அளவுத் தொட்டிக்கு 1/10 எச்.பி. மாடல் போதும். 17 என்று செட் செய்துவிட்டால் அதுவாக ஓடி நிற்கும். தொட்டி, ஸ்டாண்ட், ஃபில்டர் எல்லாவற்றையும் கூட்டினாலும் சில்லர் விலை அதைத் தாண்டும், அதனால்தான் கடையில் யாரும் முதலில் அதைச் சொல்வதில்லை. கோடையில் நாளுக்கு இரண்டு, இரண்டரை யூனிட் இழுக்கும். இரண்டு மாத பில்லில் 120, 150 யூனிட். வீட்டுக்கு அரசு தரும் இலவச 100 யூனிட்டை இந்த ஒரு பெட்டியே தின்றுவிடும். கைத்தறிக்குத் தனியாக 300 யூனிட் இலவசம் உண்டே என்று கணக்குப் போடாதீர்கள். அது தறிக்கு, ஆக்சலாட்டலுக்கு இல்லை.

அந்தச் செலவைப் பாதியாக்க ஒரு வழி உண்டு, தெர்மாகோல். தொட்டியின் பின்பக்கம், இரண்டு விலாப்பக்கம், அடி, இந்த நாலிலும் இரண்டு அங்குல தெர்மாகோல் ஷீட்டை வெட்டி ஒட்டுங்கள். முன்கண்ணாடி மட்டும் பார்க்கத் திறந்திருக்கட்டும். மேலே மூடி. சில்லருக்கு வேலை சட்டென்று குறையும், கரண்ட் போனாலும் சூடு ஏறுவது மெதுவாகும். அடியில் வைக்கும் ஷீட் மட்டும் கெட்டி ரகமாக இருக்கட்டும். 140 கிலோ தண்ணீரும் கண்ணாடியும் அதன் மேல்தான் உட்காரப்போகிறது. சில்லர் வெளியே தள்ளுகிற சூட்டுக் காற்றுக்கும் வழி வேண்டும். மூடிய அலமாரிக்குள் வைத்தால் அது தன் சூட்டைத் தானே குடித்துக்கொண்டு நாளெல்லாம் ஓடும்.

திறந்திருக்கும் அந்த முன்கண்ணாடி வியர்க்கும். குளிர்ந்த சோடா பாட்டிலில் முத்து முத்தாக வருமே, அதேதான். மழைக்காலத்தில் வழிந்து தரையில் குட்டை கட்டும். தறி இருக்கும் வீட்டில் இதை யோசிக்காமல் வைத்துவிட்டு, பக்கத்தில் பாவோ நெய்த சேலையோ இருந்தால் தண்ணீர்க் கறை பட்டுவிடும். பட்டில் கறை பட்டால் யார் சமாதானம் சொல்வது? அடியில் ஒரு தட்டு வையுங்கள், மின் பிளக் எல்லாம் தொட்டியை விட உயரத்தில் இருக்கட்டும்.

தறி அறையில் வைக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆக்சலாட்டலுக்குக் கண் மட்டம். தண்ணீரின் அதிர்வை உடம்பின் ஓரத்தில் உள்ள புலன் உறுப்புகளால்தான் பிடிக்கிறது. பலகை அடிக்கிற ஒவ்வொரு அடியும் தரை வழியாகத் தொட்டிக்குப் போகும். நமக்குத் தாலாட்டு மாதிரி பழகிப்போன சத்தம் அதற்கு நாள் முழுக்க இடி. தறி இல்லாத, வெயில் நேராக விழாத, மேற்குச் சுவரை ஒட்டாத அறை பாருங்கள். மொட்டை மாடிக்கு நேர்க்கீழே இருக்கும் அறை வேண்டவே வேண்டாம்.

கரண்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். திடீர் மின்தடையை விடுங்கள், மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் போட்டுக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் மத்தியானமோ சாயந்திரமோதான் வரும். தெர்மாகோல் போட்ட தொட்டி அதற்குள் மூன்று, நாலு டிகிரி ஏறும். போடாதது ஏழு எட்டு ஏறிவிடும். முந்தின நாள் ராத்திரியே நாலைந்து பாட்டிலை உறையவைத்து, ஒன்று ஒன்றாகப் போட்டு ஓட்டலாம். இன்வெர்ட்டரில் சில்லரைப் போட நினைத்தால், கம்ப்ரஸர் கிளம்பும்போது இழுக்கிற கரண்டை அது தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காற்று பம்புக்காவது பேட்டரி வேண்டும். தண்ணீர் சூடாகும்போதுதான் அதில் ஆக்சிஜனும் குறையும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்குகிற பழக்கம் இருந்தால், பாட்டில் போட ஒரு ஆள் பார்த்து வையுங்கள்.

இனி தொட்டிக்குள் போகலாம். உயரத்தை விட நீளம் முக்கியம், இது நீந்துவதை விட நடப்பதுதான் அதிகம். நான் சொன்ன மூன்றடித் தொட்டி ஒன்றுக்குத் தாராளம். மூடி கட்டாயம் வேண்டும். இது துள்ளி வெளியே விழும் என்பது ஒன்று, நம் வீட்டுப் பல்லி உள்ளே விழும் என்பது இன்னொன்று.

அடித்தளத்தில் கலர் கூழாங்கல் போடாதீர்கள். புழுவை உறிஞ்சும்போது கல்லும் உள்ளே போய்க் குடலை அடைத்துவிடும். பல பேர் வீட்டில் இது செத்ததற்குச் சூடு முதல் காரணம் என்றால் கூழாங்கல் அடுத்த காரணம். வெறும் கண்ணாடி விட்டால் கால் வழுக்கும். சொரசொரப்பான தரை டைல்ஸ் துண்டுகளையோ கடப்பைக் கல்லையோ விளிம்பு தேய்த்துப் பரப்பினால் அழகாகவும் இருக்கும், துடைக்கவும் சுலபம். நன்கு வளர்ந்ததற்கு மாவு மாதிரி நைஸ் மணல் போடலாம், குட்டிக்கு வேண்டாம். ஒளிய இரண்டு இடமாவது இருக்கட்டும். இதற்குக் காசு செலவழிக்காதீர்கள். சாயம் பூசாத மண்தொட்டியைப் படுக்கப் போட்டால் முடிந்தது. நாலு அங்குல பி.வி.சி. பைப் துண்டும் ஆகும், வெட்டிய விளிம்பை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். தோல் மிக மெல்லியது, செவுள் அதைவிட மெல்லியது. இமை இல்லாத பிராணிக்குப் பளிச்சென்ற லைட்டும் வேண்டாம்.

தண்ணீர் ஓட்டம் மெதுவாக இருக்க வேண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் சிறந்தது. சில்லருக்குப் போகிற பம்பின் வாயை ஸ்பாஞ்சால் மூடி, திரும்பி வரும் தண்ணீரைக் கண்ணாடியில் மோதிச் சிதறும்படி திருப்பிவிடுங்கள். செவுள் முன்பக்கம் வளைந்து, வால்நுனி சுருண்டிருந்தால் ஓட்டம் அதிகம் அல்லது வேறு ஏதோ தொந்தரவு என்று அர்த்தம்.

பிராணியை வாங்குவதற்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் முன்பே தொட்டியை ஓடவிட்டுவிட வேண்டும். கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற அவ்வளவு நாள் ஆகும். இங்கே மட்டும் ஆரணிச் சூடு நமக்கு லாபம். அந்த பாக்டீரியாக்களுக்கு 25-க்கு மேல்தான் பிடிக்கும். அதனால் சில்லரைப் போடாமல், ஊர்ச் சூட்டிலேயே, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுத் தொட்டியைப் பக்குவப்படுத்துங்கள். சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் ஏறுகிறது என்று வந்த பிறகு சில்லரைப் போடுங்கள். குளிரில் பாக்டீரியா வேகம் குறையும், ஆகவே இன்னும் ஒரு வாரம் அளந்து பாருங்கள். அப்புறம்தான் பிராணி.

தண்ணீரில் நமக்கு ஒரு நல்ல செய்தி. ஆக்சலாட்டலுக்குக் கொஞ்சம் கடினத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும், பி.எச். 7.4, 7.6 என்று இருந்தால் நல்லது. ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றாதீர்கள், அதில் தாது உப்பே இல்லை. முனிசிபாலிட்டிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினைப் போக்க ஒரு நாள் திறந்த டப்பில் வைக்க வேண்டும் அல்லது ஆன்டி குளோரின் சொட்டு விட வேண்டும். சாயப்பட்டறைக்குப் பக்கத்து போர்த் தண்ணீரை நான் தொட்டிக்கு எடுக்க மாட்டேன். மீன் தாங்குவதைக் கூட இந்தத் தோல் தாங்காது. மீனுக்கு விடுகிற மருந்துகளையும் இதற்கு விடக் கூடாது, முக்கியமாகத் தாமிரம் கலந்தவை. வாரத்துக்கு ஒரு தடவை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மாற்றுகிற தண்ணீரும் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள். ஒரு கேன் தண்ணீரை முந்தின ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துக் கலந்துகொள்ளுங்கள்.

சாப்பாடு மண்புழு. அவ்வளவுதான், வேறு ஆடம்பரம் தேவையில்லை. வளர்ந்ததற்கு இரண்டு, மூன்று நாளைக்கு ஒரு தடவை. உரமும் பூச்சிமருந்தும் அடித்த நெல்வயலில் தோண்டாதீர்கள். மண்புழு உரம் போடுகிற இடத்தில் கிடைக்கும் சிவப்புப் புழுவைச் சில ஆக்சலாட்டல்கள் வாயில் வாங்கித் துப்பிவிடும். அந்தப் புழு ஒரு கசப்புத் திரவத்தை விடும். பட்டு ஊராச்சே, பட்டுப்புழு போடலாமா என்று ஒருவர் கேட்டார். எப்போதாவது ஒன்று போடலாம்தான். ஆனால் ஆரணிக்கு வருவது நூல்தானே, புழுவை எங்கே போய்ப் பிடிப்பது?

கூட மீன் விடாதீர்கள். சின்ன மீனை இது தின்னும், பெரிய மீன் இதன் செவுளைக் கடிக்கும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கிற சக்கர் மீன் ராத்திரியில் இதன் மேலேயே ஒட்டிக்கொள்ளும். இன்னொரு ஆக்சலாட்டல்? குட்டியில் ஒன்றின் காலை ஒன்று தின்னும். பெரிதான பிறகு, ஆணும் பெண்ணுமாக அமைந்துவிட்டால் ஒரு நாள் காலையில் பைப்பெல்லாம் நூற்றுக்கணக்கில் முட்டை.

முட்டை என்றதும் சட்டம் நினைவுக்கு வருகிறது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாவது பட்டியலில் ஆக்சலாட்டல் இருக்கிறது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், அந்தப் பட்டியல் உயிரினங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்துவிட்டது. வைத்திருப்பவர் 49எம் பிரிவின்படி பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28-இல் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள், அது முடிந்துவிட்டது. மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் விண்ணப்பித்தால் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் போகும். கைமாற்றினாலும், குட்டி பிறந்தாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். முட்டையெல்லாம் பொரித்து நூறு குட்டிக்கும் விண்ணப்பம் போடுவதைக் கற்பனை செய்து பாருங்கள். விற்கிறவரிடம் பில்லும் அவருடைய பதிவுக் காகிதமும் கேளுங்கள். "அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க" என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து வாங்கிவருவதாக இருந்தால் விடியற்காலையில் கிளம்புங்கள். மீன் மார்க்கெட் தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் பாட்டில், அதைச் சுற்றி நியூஸ் பேப்பர், அப்புறம் பை. ஐஸ் பையைத் தொடக் கூடாது. மூன்று, நாலு மணி நேரப் பயணத்துக்கு அது தாங்கும். பஸ்ஸில் என்ஜின் பக்கத்து சீட் வேண்டாம்.

இவ்வளவையும் படித்துவிட்டு "செய்யலாம், என்னிடம் சில்லருக்குக் காசு இருக்கிறது, பத்துப் பதினைந்து வருடம் இதைப் பார்த்துக்கொள்வேன்" என்கிறவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். அதன் ஆயுசு அவ்வளவு. பத்தாவது படிக்கிற பையன் வாங்கினால், அவன் வேலைக்குப் போன பிறகும் வீட்டில் யாரோ பாட்டில் போட வேண்டியிருக்கும். சில்லர் இல்லாமல் ஆரணியில் இதை வாங்குவது பாவம், இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. முடியவில்லை என்று கமண்டல நாகநதியிலோ ஏரியிலோ கொண்டுபோய் விடுவது அதைவிடப் பாவம். அங்கே அது ஒரு கோடை தாண்டாது, சாவதற்குள் தன் நோயை நம் தவளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

அக்கா பையனுக்கு அயிரைத் தொட்டி வைத்துக் கொடுத்திருக்கிறேன். அதே மூன்றடித் தொட்டி, இரண்டு அங்குலம் நைஸ் மணல், ஒரு மண்தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், சில்லர் கிடையாது. அயிரை நம் ஊர் மீன், 28 டிகிரி அதற்குச் சொந்த வீடு. மணலுக்குள் கழுத்துவரை புதைந்துகொண்டு மீசையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். கடையில் கலர் மீனோடு கிடைக்காது. உயிரோடு விற்கிற மீன்காரரிடம் சொல்லிவைத்து, குழம்புக்குப் போகிற கூட்டத்திலிருந்து ஒரு கை அள்ளி வர வேண்டும். வாங்கியதும் தனி டப்பில் இரண்டு வாரம் வைத்து, புண்ணோ பூஞ்சையோ இல்லை என்று பார்த்துவிட்டுத் தொட்டியில் விடுங்கள். உப்புப் போட்டுக் கழுவித் தரட்டுமா என்று மீன்காரர் கேட்பார், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.